மேடையேறிய அம்பா

மத்தியானம் ஜெறோம் சோற்றுக் கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்தான். மீன்குழம்பு சுவரில் வழிந்தது.

"தெல்லிப்பழைச் சபைக்காரனுக்கு எங்கடை கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை கேக்குதோ? கித்தாரைத் தோளிலை கொழுவிக்கொண்டு திரியிறவனுக்கு?"

"ஞாயிற்றுக்கிழமை தாயும் மகனும் பொம்பிளை கேட்டு வருகினம். வரச்சொல்லி நான் சொல்லிப்போட்டன்," என்றார் அப்பா அடைக்கலநாதன். "நீ கையைக் கழுவிப்போட்டுப் போ."

அப்பா சம்மாட்டி. குருநகரில் இரண்டு படகும், கிழக்குக் கரையில் ஒரு கரைவலையும் அவருடையவை. அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சில்லை. ஜெறோம் எழுந்தான். போகிறபோது தங்கை ஷெரோனின் காதருகே குனிந்தான்.

"உவன் ஒரு பிழை விடட்டும். உடைச்சுப்போடுவன்."

ஷெரோன் சுவரைத் துடைத்தாள். அப்பா ஓம் என்றுவிட்டார். ஞாயிறு வரைக்கும் ஒன்றும் நடக்காமல் இருந்தால் அந்தக் கித்தார்க்கார நதானியேலைக் கட்டிக்கொண்டு, அப்பாவே கைபிடித்துக் கொடுக்க வாசல் படலையைத் தாண்டிப் போகலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பின்னேரம் அவள் அரியாலைக்குப் போனாள். அங்கே கொலின்ஸ் தன் வீட்டு வளவில் மாதமொருமுறை பாட்டுக் கச்சேரி வைப்பான். சினிமாப் பாட்டுக்கு இடமில்லை. பாடுகிறவர் தானே கட்டிய பாட்டைத்தான் பாடவேண்டும். மாமரத்தடியில் பலகை மேடை, இரண்டு ஸ்பீக்கர், பிளாஸ்டிக் கதிரைகள். முதலில் சுன்னாகத்துப் பெண்ணொருத்தி, துஷாந்தினி, வெங்காயச் சந்தையில் விலை கூவுகிற குரல்களையே பாட்டாக்கிப் பாடினாள். பாட்டு முடியமுதலே சனம் அவளோடு சேர்ந்து கூவத் தொடங்கிவிட்டது. ஷெரோனும் கூவினாள். வீட்டில் நடந்ததெல்லாம் சற்றுநேரம் மறந்துபோனது. இதுவரை யாருமே கேட்டிராத ஒரு பாட்டை முதன்முதலாகக் கேட்கிற சந்தோசத்துக்காகத்தான் அவள் இங்கே வருவாள். நதானியேலை முதலில் கண்டதும் இந்த மாமரத்தடியில்தான்.

இப்போது அவன் கித்தாரோடு ஏறினான். அவளைத் தேடிப் பிடித்துச் சிரித்தான்.

"இது புதுப்பாட்டு. கரையிலை பாடுறதை எடுத்து நான் கித்தாருக்குக் கட்டினது. எனக்கு மாமாவாக வரப்போறவருக்கு."

முதல் அடியிலேயே ஷெரோன் கதிரையை விட்டு எழுந்தாள்.

"சம்மாட்டி அடைக்கலம் – ஏலேலோ
சந்தியிலே நிக்கிறார் – ஏலேலோ
சீலைக்காரி வீட்டிலே – ஏலேலோ
சீலாமீனைக் குடுக்கிறார் – ஏலேலோ
வீட்டுக்காரி சட்டியிலே – ஏலேலோ
வெறுந்தண்ணி கொதிக்குதே – ஏலேலோ!"

அது அம்பா. கரைவலை இழுக்கிறவர்கள் கயிற்றைப் பிடித்தபடி பாடுவது. கயிறு கையில் இருக்கும்வரை சம்மாட்டி வைப்பாட்டிக்கு மீன் கொடுக்கிறார், வீட்டுக்காரியைப் பட்டினி போடுகிறார் என்று என்னவும் சொல்லிப் பாடலாம். அவரும் சிரித்துக்கொண்டு நிற்பார். வலை கரையேறியபின் அந்த வரிகளை யாரும் வாயில் எடுப்பதில்லை. வீட்டுப் பெண்களின் காதுக்கு அது வரவே கூடாது. சின்னப்பிள்ளையாகக் கரையோர மீன்வாடியில் நின்று அவள் களவாகக் கேட்ட அம்பாவை, ஒருநாள் சிரித்துச் சிரித்து நதானியேலுக்குப் பாடிக் காட்டியிருந்தாள். வெளியே பாடக்கூடாது என்று சொல்லவில்லை. அவளுடைய ஊரில் அதை ஒருவரும் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை. கரைவலையையே கண்டிராத தெல்லிப்பழைப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

சனம் துள்ளியது. "இன்னொருக்கா! இன்னொருக்கா!"

அவள் மேடையடிக்கு ஓடினாள். "நிப்பாட்டுங்கோ. இதைப் பாடாதேங்கோ."

"ஏன்? உம்மடை அப்பாவுக்குப் பெருமைதானே? எல்லாரும் அவரின்ரை பேரைப் பாடுகினம் பாரும்."

"பெருமையில்லை! கொலின்ஸ் அண்ணை, உங்கடை போனை நிப்பாட்டுங்கோ!"

கொலின்ஸ் ஒவ்வொரு கச்சேரியையும் முகநூலில் நேரடியாகக் காட்டுவான். அவன் போனை எட்டிப் பார்த்து, "எக்கச்சக்கமான ஆக்கள் பார்க்கினம், தங்கச்சி," என்று பல்லைக் காட்டினான்.

பார்த்தவர்களில் குருநகர்ச் சந்தியில் நின்ற பெடியங்களும் இருந்தார்கள். ஒருவன் ஜெறோமின் முகத்துக்கு நேரே போனை நீட்டி, "டேய், உன்ரை கொப்பனைப் பாடுறாங்களடா, கொம்மாவின்ரை சட்டி காலியாமே!" என்று சிரித்திருக்கிறான்.

துஷாந்தினியின் அடுத்த பாட்டுப் பாதியில் இருக்கையில் இரண்டு மோட்டார்சைக்கிள்கள் படலையை இடித்துத் தள்ளிக்கொண்டு வளவுக்குள் வந்தன. நாலுபேர். ஜெறோமின் கையில் இரும்புக் குழாய். முதல் அடியில் ஸ்பீக்கர் பிளந்து, காதைக் கிழிக்கும் சத்தமொன்று போட்டு அடங்கியது. கதிரைகள் உருண்டன. பிள்ளைகள் வீரிட்டார்கள். மறிக்க வந்த கொலின்ஸின் மண்டையில் ஒருவன் பொல்லால் போட்டான். கொலின்ஸ் முழங்காலில் விழுந்தான், முகமெல்லாம் இரத்தம்.

"என்ரை அம்மாவைச் சனத்துக்கு முன்னாலை அவிட்டுவிட்டவன் எங்கை?"

"அண்ணை, அவருக்குத் தெரியாது! நான்தான் பாடிக் காட்டினனான்!"

"தள்ளடி!"

நதானியேல் ஓடவில்லை. கித்தாரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, பிழையெண்டால் மன்னிப்புக் கேக்கிறன்," என்று முன்னால் வந்தான். குழாய் அவனுடைய விலாவில் இறங்கியது. அவன் மடிந்து மேடை விளிம்பைப் பிடித்தான். இடதுகை விரல்கள் பலகைமேல் விரிந்து கிடந்தன. ஜெறோம் அதைப் பார்த்தான். ஷெரோன் அவன் பார்ப்பதைக் கண்டாள்.

"கை வேண்டாம், அண்ணை! கையிலை வேண்டாம்!"

குழாய் விழுந்தது. பலகையும் எலும்பும் ஒன்றாய் நொறுங்கின. அவன் இன்னொருமுறை ஓங்கினான். ஷெரோன் மைக் நின்ற இரும்புக் கம்பியைப் பிடுங்கி, இரண்டு கையாலும் தூக்கி, கூடப்பிறந்தவனின் தோளில் அடித்தாள். அவன் திரும்பி அவளைப் புறங்கையால் அறைந்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவள் விழவில்லை. மறுபடி அடித்தாள். காறை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. குழாய் அவன் கையிலிருந்து நழுவியது. கூட வந்தவர்கள் அவனை இழுத்துப் போட்டுக்கொண்டு பறந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நதானியேலின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அப்பா வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"கொம்மா பாட்டைக் கேட்டிட்டா. அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறா." அவர் கதவுப் பக்கம் பார்த்தார். "ஜெறோம் தோள் முறிஞ்சு கிடக்கிறான். பொலிஸ் வெளியிலை நிக்குது. இவர் மேடையாலை விழுந்ததெண்டு சொல்லு, பிள்ளை. சனத்தின்ரை வாயையும் வீடியோவையும் நான் பாத்துக்கொள்ளுறன், நீ சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை கலியாணத்தைப் பேசி முடிக்கிறன். ஜெறோமே கிட்ட நிண்டு செய்துவைப்பான்."

அவள் நதானியேலைப் பார்த்தாள்.

"சொல்லும், ஷெரோன்," என்றான் அவன். முகம் வெளிறியிருந்தது. "விரல் போனது போனதுதான். நீர் கிடைச்சால் எனக்குக் காணும்."

அவள் வேண்டிநின்ற எல்லாமும் அப்பாவின் கைக்குள் இருந்தது. ஒரு பொய் சொன்னால் படலை திறக்கும். பிறகு ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் ஜெறோம் வந்து, விரலில்லாத இந்தக் கைக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவான். அடுத்தமுறை கோபம் வந்தால் அவர்களுடைய வீட்டுக்குள்ளேயே ஓங்குவான். நதானியேலும் விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்லுவான்.

பொலிஸ்காரர் உள்ளே வந்தார். "ஆர் அடிச்சது?"

"என்ரை அண்ணை. ஜெறோம். அவனை அடிச்சது நான். ரெண்டையும் எழுதுங்கோ."

அப்பா கையை ஓங்கினார். பொலிஸ்காரர் நிற்பதைக் கண்டு இறக்கினார். மகளை ஒருதரம் பார்த்துவிட்டு, செருப்பை இழுத்து இழுத்து வெளியே போனார். அவர் திரும்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன வேலை செய்தனீர்?" நதானியேல் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். "இனி ஆர் உம்மை எனக்குத் தரப்போகினம்?"

"ஒருத்தரும் தரமாட்டினம்," என்றாள் அவள். கதைக்கக் கதைக்க உதடு வெடித்து இரத்தம் வந்தது. "நானாத்தான் வரவேணும். வந்திட்டன். தள்ளிப் படுங்கோ, இருக்க இடமில்லை."