விழாதவளின் படம்

எங்கள் பத்திரிகைக்கு எப்போதும் அவசரம். திங்கட்கிழமை அச்சேறும் படத்துக்காக, சனிக்கிழமை நடக்கப்போவதைப் புதன்கிழமையே அச்சுக்கான மரக்கட்டையில் செதுக்கிவிடுவோம். மகாராணியின் ஊர்வலம் என்றால் பாதகமில்லை. கெசியா விஷயத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கெசியா லண்டன் வைட்சேப்பலில் குடை தைப்பவள். குடைத்துணியும் கம்பியும் கொண்டு தனக்கு இரண்டு சிறகு கட்டி, சனிக்கிழமை சஸெக்ஸ் குன்றிலிருந்து பறக்கப்போவதாக அறிவித்திருந்தாள். எங்கள் முதலாளி ஓட்வே வரையவைத்த படத்திலோ அவள் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தாள். பெரிய படத்தை நான்கு கட்டைகளில் ஆளுக்கொன்றாகச் செதுக்கி, பிறகு திருகாணி போட்டு ஒன்றாக்குவது வழக்கம். மற்றவர்களுக்கு வானமும் குன்றும் கூட்டமும் போக, என் பங்கு கெசியா. பொய் சொல்வானேன், கூலிக்காகச் செதுக்கினேன்.

வியாழக்கிழமை அவளே பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டாள்.

"நான் இன்னும் குன்றே ஏறல, அதுக்குள்ள விழுந்துட்டேனா?"

"பொம்பள பறந்தா ஊர் தாங்குமா?" என்று ஓட்வே சிரித்தார்.

"செதுக்கினது யாரு?"

"நான்தான்." என்னால் தலை நிமிர முடியவில்லை.

"கால் அழகா வந்திருக்குக்கா. சனிக்கிழமை வந்து அந்தக் கால் எங்க நிக்குதுன்னு பாருங்க."

போனேன். விளிம்புவரை ஓடிக் குதித்தாள். கல் மாதிரி இறங்கியவளைக் காற்று பிடித்துக்கொண்டது. ஆட்டுப்பட்டியைத் தாண்டி, இரண்டு வயல் தாண்டி, முள்ளங்கித் தோட்டத்தில் இறங்கி, சுளுக்கிய காலைத் திட்டிக்கொண்டே எழுந்து நின்றாள். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

மாலை ரயிலில் திரும்பி நேராகப் பட்டறைக்கு, ஓட்வேயிடம் போனேன்.

"பறந்துட்டா ஐயா."

"கடைசியில விழுந்தாள்ல?"

"இறங்கினா. கால் சுளுக்கு, அவ்வளவுதான்."

"சுளுக்குன்னா விழுந்த மாதிரிதான். இருக்கிற படமே போகட்டும்."

திருகாணியைக் கழற்றி என் கட்டையை உருவினேன். விழுகிறவளின் குறுக்கே உளியை ஆழமாக இழுத்தேன். இரண்டு நாள் உழைப்பு ஒரு நொடியில் போனது, கொஞ்சமும் வருத்தமில்லை.

"டார்கஸ்! பைத்தியமா உனக்கு?"

"ஆமா. நடுவுல ஓட்டையோட அச்சடிங்க, இல்லேன்னா புதுக்கட்டை குடுங்க."

"திங்கட்கிழமை உனக்கு இங்க வேலை கிடையாது!"

"அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ஒண்ணு இருக்குல்ல?"

ஊரே தேவாலயத்துக்குப் போயிருக்க, ஓட்வே வேறு வழியின்றித் தந்த புதுக்கட்டையை மணியோசையில் உட்கார்ந்து செதுக்கினேன். கெசியா சிறகு விரித்துப் பறந்தாள். கூட்டத்தில் ஒரு முகத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அலறத் திறந்த வாய் வியப்பதற்கும் பொருந்தியது.

படம் வந்தது, என் வேலை போனது. ஆனால் அடுத்த இதழில் வந்த வாசகர் கடிதங்களைப் படித்தபோதுதான் அழுகை முட்டியது. 'அருமையான கற்பனை' என்று ஒருவர். 'ஓவியருக்கு நல்ல குறும்பு' என்று இன்னொருவர். அவள் விழுந்து செத்ததாகப் போட்டிருந்தால் ஒருவரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு கெசியாவிடம் ஓடினேன். வெந்நீரில் காலை வைத்தபடி எல்லாக் கடிதத்தையும் படித்தாள்.

"இதுக்கா அழுவுறீங்க?" என்றாள். "நம்பாதவங்க பேரெல்லாம் கடிதத்துக்குக் கீழேயே போட்டிருக்கு பாருங்க. வர்ற சனிக்கிழமை அத்தனை பேரையும் வரச் சொல்லி எழுதுங்க. இந்தத் தடவை இன்னும் உசரத்துலேருந்து."