வாசலை விட்டு எழும்பாத செருப்பு

வேலை முடியாத வீட்டு வாசலை விட்டு மாதுமையின் செருப்பு எழும்பாது. மலேசியாவில் பத்து காஜா ஊருக்குப் பக்கத்துப் பழைய தோட்டங்களில் இது எல்லாருக்கும் தெரியும். சமூக நலத்துறை அதிகாரியாக அவர் சேர்ந்த முதல் மாதமே அது தொடங்கிவிட்டது. மறுபடி வருகிறேன் என்று கிளம்பினால் செருப்பு சாதுவாகக் காலில் ஏறும். எல்லாம் முடிந்தது என்று அவர் கிளம்பி, அது முடியாமல் இருந்தால் மட்டும் பிடிவாதம் பிடிக்கும். பிடித்துவிட்டால், வேலை முடியும்வரை நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. காரில் மாற்றுச் செருப்பு வைத்துப் பார்த்தார். அது காரை விட்டே இறங்க மறுத்தது.

போன வருஷம் ஈப்போவில் மேலதிகாரி பதவிக்கு அவருக்கு நேர்முகத் தேர்வு. பரம்பரை அரசாங்க உத்தியோகக் குடும்பம். மகள் ஒரு நல்ல நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அப்பா பூபாலசிங்கத்தின் ஒரே ஆசை. போகும் வழியில் மாதுமை செல்லாயி வீட்டில் இறங்கினார். பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட மகள் ஷர்மினி இப்போது மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்றார் அம்மாக்காரி செல்லாயி. மாதுமை நிம்மதியாக வெளியே வந்து காலை நுழைத்தார். செருப்பு வரவில்லை.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்லாயி கண் கலங்கி, மாதுமையை உள்ளே கூட்டிப் போனார். பின்னறையில், பக்கவாதத்தில் விழுந்த அப்பா பத்துமலைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள் ஷர்மினி.

"சொன்னா புள்ளைய ஹோம்ல போட்டுருவீங்கன்னு பயந்துட்டேன் மேடம்."

"யாரும் கொண்டுபோக மாட்டாங்கக்கா. நான் பாத்துக்கிறேன்."

வெறுங்காலோடுதான் ஈப்போவுக்குப் போனார். தேர்வுக்குழுத் தலைவர் மகேந்திரன் மேசைக்கடியில் எட்டிப் பார்த்து, செருப்பு எங்கே என்று கேட்டார்.

"வேலையில இருக்கு சார்."

பதவி வேறொருவருக்குப் போயிற்று. அப்பா பூபாலசிங்கத்துக்குப் பெரிய ஏமாற்றம். மாதுமைக்கு வருத்தம்தான், ஆனால் உட்கார்ந்து வருந்த நேரமில்லை. பகலில் பத்துமலையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு ராக்காயியைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். பள்ளியில் போய் நின்று, விட்ட பாடங்களுக்குத் தனி வகுப்பு கேட்டு வாங்கினார். ஒரு திங்கட்கிழமை காலை ஷர்மினி காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பள்ளிப் பேருந்துக்கு ஓடினாள். பின்னாலேயே வந்த மாதுமை காலை நுழைத்தார். செருப்பு வந்தது.

இப்போது அது பீடோர் ஊர்ப் பக்கம் வேறொரு வீட்டு வாசலில் இருக்கிறது. மழை வந்தால் அந்த வீட்டுக்காரர்களே வாளியைக் கவிழ்த்து அதை மூடி வைக்கிறார்கள்.