டயரில் ஒரு நூலளவு

கோதண்டத்துக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அதையே மூன்று விதமாகக் கேட்டுவிட்டான்.

“துட்டு இங்கேருந்து பொன்னேரிக்குப் போவுது, அங்கேருந்து மெட்ராஸுக்குப் போவுது, சரி. அப்பறம் எங்க போயி குந்திக்குது பாய்?”

அமீர் ஜான் சிரித்தார். பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பம் அவருடையது. கப்பல் போய், கடை போய், இப்போது அவர் யூனிட் டிரஸ்ட் சேமிப்புத் திட்டத்துக்கு ஏஜெண்ட். இறால் விலை ஏறிய இரண்டு பருவத்தில் கோதண்டமும் அவன் மனைவி தேவகியும் சேர்த்த எழுநூறு ரூபாய், மஞ்சள் பையோடு மேஜைமேல் இருந்தது.

“ஒரு எடத்துல குந்தாதுப்பா. துணி மில்லு, சிமென்ட், டயர் கம்பெனின்னு பல எடத்துல பங்கு வாங்குவாங்க. எல்லாத்துலயும் உனக்குக் கொஞ்சூண்டு.”

வாசலில் பொன்னேரி பஸ் வந்து நின்றது. கோதண்டம் எட்டிப் பார்த்தான்.

“அந்த டயர்லயுமா?”

“அந்தக் கம்பெனி பங்கு வாங்கியிருந்தா, ஒரு நூலளவு உன்னுது.”

பஸ் கிளம்பிப் போகும் வரை பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னுடைய நூல் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ என்றிருந்தது.

“எது நல்லா ஓடும்னு பாத்து, அதுலயே மொத்தத்தையும் போட்டா இன்னா?”

“நீ சொல்லு. நாளைக்கு எந்த எடத்துல மீன் வுழும்?”

கோதண்டத்தின் ஊரான கோட்டைக்குப்பத்தில் யாரும் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. சீட்டுக் குலுக்கி வரிசை போடுவார்கள். இன்று ஓர் இடம், அடுத்த முறை வேறு இடம் என்று எல்லா இடமும் எல்லாருக்கும் சுற்றி வரும். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்குத்தான் பாடு. தகப்பனுக்குப் பின் மகனுக்கு. பொன் விளையும் என்று பேர் வாங்கிய இடத்தில் வெறும் பாசி ஏறியதையும், எல்லாரும் முகம் சுளித்த இடத்தில் கூடை கூடையாக இறால் விழுந்ததையும் அவன் கண்டிருக்கிறான். ஒரு நாளில் பார்த்தால் அநியாயம். பத்து வருஷத்தில் பார்த்தால் யாரும் பட்டினி கிடந்ததில்லை.

“அட, இது நம்ம பாடு மாதிரிதான்!” என்றான்.

“வெல எறங்கறதும் உண்டு. நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இருவது வருஷம் தொடாம உடணும்.”

“அண்ணன் புதுசா வாங்கற எஞ்சின் படகுல போடுன்றான். ஒரே படகு, பாய். கவுந்தா எல்லாம் கவுந்துடும். நீங்க எழுதுங்க.”

“பேரு?”

“தனசேகர். எங்கண்ணன் தசரதனோட புள்ள.”

அமீர் ஜான் மையால் அழுத்தி எழுதினார். எழுதிய பிறகுதான் நிமிர்ந்தார்.

“உனக்குப் பொண்ணு இருக்குல்ல?”

“சாந்தி. ஒம்போது வயசு. அது ஒண்ணுதான்.”

“அப்பறம் ஏன் அண்ணன் புள்ள பேரு?”

“இன்னா பாய், தெரியாத மாதிரி கேக்கறீங்க? பொட்டப் புள்ளைக்கு ஏது பாடு? எனக்கப்பறம் அவந்தான் சாந்தியைப் பாத்துக்கணும். பாத்துப்பான்னுதான்…”

இத்தனை நேரம் எல்லாவற்றையும் துருவிக் கேட்டவன், இதை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை.

அமீர் ஜான் படிவத்தை இரண்டாகக் கிழித்தார்.

“இதுல பொண்ணுக்கும் பாடு உண்டு, கோதண்டம்.”

இழுப்பறையில் இன்னொரு படிவம்தான் மிச்சம். அதன் ஓரத்தில் பென்சிலால் ‘ஆதிநாராயணன் வாத்தியார், நாளை’ என்று குறித்திருந்தது. அவர் அதை அழித்தார்.

“வாத்தியாருக்கு வோணாமா?”

“காலைல மொத பஸ்ல பொன்னேரி போய் வாங்கியாந்துடுவேன். உன் டயர்லதானே போவப் போறேன்!”

வெயிலில் இருபது கிலோமீட்டர் அலைச்சல், அறுபது வயது. இறைவன் வானத்தைப் பிளந்துகொண்டு வருவதில்லை. யாரோ ஒருவர் தன் அலைச்சலைக் கணக்கில் எடுக்காத நேரத்தில் வந்து போகிறான்.

“பேரு?” என்றார் அவர் மறுபடியும்.

கோதண்டம் பையைப் பார்த்தான். அண்ணனுக்குத் தெரிந்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டான். வலை இழுக்க ஆள் கூட வராது.

“சாந்தி,” என்றான். பிறகு, காதில் விழவில்லையோ என்று, “சாந்தின்னு எழுதுங்க பாய்.”

“பொறந்த தேதி?”

“நெசமா வோணுமா, பள்ளிக்கூடத்துது வோணுமா? வாத்தியார் எல்லாப் புள்ளைங்களுக்கும் ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டாரு.”

“பள்ளிக்கூடத்துதே போதும்ப்பா. அதுக்குத்தான் காயிதம் இருக்கு.”

“காயிதத்துல அதையே போடுங்க. ஆனா நெசத் தேதி எனக்கே தெரியணும். இருங்க.”

ஜன்னல் வழியே ஏரி தெரிந்தது. அவள் பிறந்த அன்று அவன் பாடு முகத்துவாரத்தருகே. வடகாற்று. சேதி சொல்ல வந்தவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினான். அதற்கு முந்தின முறை மேற்குக் கரை. அதற்கும் முன்னே தீவுப் பக்கம். கோதண்டம் ஒவ்வொரு விரலாக மடக்கி, தேதி தெரிந்த அந்த வருஷத் தீபாவளியை நோக்கி, இடம் இடமாகப் பின்னால் போனான். அமீர் ஜான் பேனாவை மூடாமல் காத்திருந்தார்.