முப்பது டிகிரி பணிவு

தோமோயோ நிஷிவாகி வங்கி வேலையை உதறியதற்குக் காரணம் ஒரு முத்திரை. டோக்கியோ அலுவலகங்களில் ஒரு கோப்பு மேலே போகவேண்டுமானால் குமாஸ்தா முதல் இயக்குநர் வரை வரிசையாகச் சிவப்பு மையில் பெயர் முத்திரை குத்தவேண்டும். கீழே இருப்பவரின் முத்திரை மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்கவேண்டும். அதுதான் மரியாதை. தோமோயோ நேராகக் குத்தினாள். பதினோரு பக்கக் கோப்பை முதலிலிருந்து தயாரிக்கச் சொன்னார்கள்.

"மனுஷன் குனியறது போதாதுன்னு மையும் குனியணுமா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தவள், உகாய் என்ற நண்பனைச் சேர்த்துக்கொண்டு ஒரு மென்பொருள் கம்பெனி ஆரம்பித்தாள். மாதச் சந்தா கட்டினால் முத்திரையே வேண்டாம், ஒரே சொடுக்கில் ஒப்புதல். இரண்டு வருடத்தில் பத்தொன்பது வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். அதில் நான்கு பேர் உகாயின் சொந்தக்காரர்கள்.

லாபம் காட்ட முதலீட்டாளர்கள் மார்ச் வரை கெடு வைத்தார்கள். சந்தாவை நிறுத்தப்போன லிஃப்ட் கம்பெனி ஒன்றின் நிர்வாக மேலாளர் மினேகிஷியைப் பார்க்க தோமோயோ நேரில் போனாள். அவர் பார்லி தேநீர் கொடுத்தார்.

"ரொம்ப வேகமா இருக்கு, நிஷிவாகி சான். ஆனா யாருக்குக் கீழ யாருன்னே தெரியல. பசங்களுக்குத் திமிர் வந்துடுச்சான்னு டைரக்டர் கேக்கறார்."

"என்ன செஞ்சா சரியா இருக்கும், மினேகிஷி சான்?"

"பெருசா ஒண்ணுமில்ல. முத்திரை வேணும். கொஞ்சம் குனிஞ்சா நல்லது."

அலுவலகத்துக்குத் திரும்பி உகாயிடம் சொன்னாள். "மூணு நாள் வேலை," என்றான் அவன். பன்னிரண்டு பேர் பிழைப்பு அவள் தலையில் இருந்தது. "தற்காலிகமாத்தான்," என்றாள்.

மென்பொருளுக்குள் முத்திரை வந்தது, சாய்வோடு: குமாஸ்தாவுக்கு முப்பது டிகிரி, பிரிவுத் தலைவருக்குப் பதினைந்து, இயக்குநருக்கு நேர். யாராவது நிமிர்த்தப் பார்த்தால், 'தங்கள் நிலைக்கு இந்தக் கோணம் சற்று நிமிர்வாகத் தெரிகிறது, மன்னிக்கவும்' என்று திரையில் வரும். வாசகம் தோமோயோவுடையது. வங்கியில் கற்ற பணிவு வீண்போகவில்லை.

அடுத்த மார்ச்சுக்குள் எழுநூறு கம்பெனிகள் வந்து சேர்ந்தன. ஒருவர்கூட விலகவில்லை. மன்னிப்புக் கடிதங்களுக்கு நாற்பத்தைந்து டிகிரி வேண்டுமென்றால் உயர்சந்தா. ஒரு தொழில் மாநாட்டில் 'வளர்ச்சியின் பாடங்கள்' என்ற தலைப்பில் பேச அவளை மேடையேற்றினார்கள். "வாடிக்கையாளர் சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க," என்றாள். முன்னூறு பேர் குறிப்பெடுத்தார்கள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலையில் உகாயைக் கூப்பிட்டாள். "ஏப்ரல்லேர்ந்து சாய்வை எடுத்துடு. போறவங்க போகட்டும்."

"தாராளமா எடுக்கலாம். மினேகிஷி சானோட லிஃப்ட் கம்பெனிக்குச் சொந்தக்காரக் குழுமம் நாப்பதாயிரம் பேருக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தம் அனுப்பியிருக்கு. சாய்வு இருக்கணும்னு முதல் வரியிலேயே போட்டிருக்காங்க. எடுத்தா நம்ம ஆளுங்க வீட்டுக்குப் போகணும். அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அந்த ஆட்கள் காத்திருந்தார்கள். இப்போது அறுபது பேர். ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. தோமோயோ ஒப்பந்தத்தைத் திறந்தாள். அது அவளுடைய மென்பொருளிலேயே வந்திருந்தது. சரி, ஒப்பந்தம் இந்த அறுபது பேருக்காக, முத்திரை மட்டும் எனக்காக என்று நேராகக் குத்தினாள்.

'தங்கள் நிலைக்கு இந்தக் கோணம் சற்று நிமிர்வாகத் தெரிகிறது, மன்னிக்கவும்.'

"நான் கம்பெனித் தலைவி," என்றாள்.

"நம்ம கம்பெனிக்குத்தான். அவங்களுக்கு நாம விக்கறவங்க. குமாஸ்தாவுக்கும் கீழ, நாப்பத்தஞ்சு," என்றான் உகாய். "யாருக்கும் விதிவிலக்கு வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்க."

மூன்று முறை நிமிர்த்தினாள். மூன்று முறையும் மன்னிப்புக் கேட்டது. போன் அடித்தது. மினேகிஷி.

"அவசரமில்ல, நிஷிவாகி சான். டைரக்டர் பக்கத்துல உக்காந்து திரையைப் பார்த்துக்கிட்டிருக்கார். அதான் சும்மா போன் பண்ணேன்."

தோமோயோ பொத்தானை அழுத்தினாள். முத்திரை சாய்ந்தது.

"ஆ, அழகா இருக்கு," என்றார் மினேகிஷி.

"ரொம்ப நன்றி, மினேகிஷி சான்," என்றாள் தோமோயோ. கதவுக்கு அப்பாலிருந்து அறுபது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, போனைக் காதில் வைத்தபடியே இடுப்பு வளையக் குனிந்தாள்.