விசாரணை மேஜை

அடையாறு கல்லூரியொன்றின் கருத்தரங்கக் கூடத்து வாசலில் ஜெயஸ்ரீ மிஸ் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். அகதிகளைப் பற்றிய அன்றைய கருத்தரங்குக்கு வந்த சமூகவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவராக ஆதார் அட்டையைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

“சாயங்காலம் திருப்பிக் குடுத்துடுவேன். அதுவரைக்கும் நீங்க எல்லாரும் ஆவணம் இல்லாதவங்க. அது எப்படி இருக்கும்னு தெரியட்டும்” என்றார்.

கீர்த்தி கல்லூரி அடையாள அட்டையைப் போட்டாள்.

“ஆதார் எங்கம்மா?”

“மறந்துட்டேன் மிஸ்.”

“சரி, போ.”

உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மறந்து வைக்க அவளிடம் ஆதார் இருந்ததே இல்லை.

போர் முடிந்த வருடம், மூன்று வயதில், மன்னாரிலிருந்து படகில் அம்மாவின் மடியில் வந்தவள் அவள். கரையேறியதும் முகாமில் பதிவு செய்திருக்க வேண்டும். அப்பா ஆனந்தகுமாருக்குப் பயம். முன்னால் வந்த அவருடைய தம்பியை விசாரணை என்று அழைத்துப்போய் அடைத்து வைத்திருந்தார்கள். அதனால் யார் கண்ணிலும் படாமல் சென்னைக்கு வந்து நங்கநல்லூரில் ஒரு மாடிப் போர்ஷனில் ஒண்டிக்கொண்டார். வீட்டுக்காரரிடமும், தான் மூட்டை பிரிக்கும் தி.நகர் ஜவுளிக்கடையிலும் சொந்த ஊர் ராமநாதபுரம் என்று சொல்லி வைத்திருந்தார். வீட்டுக்குள் பேசும் தமிழை வாசலைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்பது கீர்த்தி சின்ன வயதிலேயே கற்றுக்கொண்ட பாடம்.

விளக்கை அணைத்து ஒரு குறும்படம் போட்டார்கள். ஏதோ வெளிநாட்டு நகரத்தில் பாத்திரம் கழுவிப் பிழைக்கும் குடும்பம். கதவு தட்டப்படும்போதெல்லாம் அந்த வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள். பக்கத்திலிருந்த அனன்யா மூக்கை உறிஞ்சினாள். கீர்த்திக்கு அழுகை வரவில்லை. யாராவது தன் முகத்தைப் பார்க்கிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும், கடல் தாண்டிப் போனவர்களைப் பற்றி வகுப்பு மாணவர்களே எழுதி மெட்டமைத்த பாட்டை அனன்யா பாடினாள். மயிலாப்பூர்ப் பெண், நன்றாகப் பாடுவாள்.

அடுத்தது கலந்துரையாடல். “முதல்ல ஒரு விளையாட்டு” என்றார் மிஸ். மேடையில் ஒரு மேஜை. அதன் பின்னால் குடியேற்ற அதிகாரியாக வகுப்பு மாணவன் ஸ்ரீகிருஷ்ணா.

“கீர்த்தி, நீ வா.”

“நான் வேணாம் மிஸ்.”

“போடி, நன்னா பண்ணுவே” என்று அனன்யா தள்ளிவிட்டாள். கூடவே படம் பிடிக்கப் போனை எடுத்தாள்.

“பேரு?”

“கீர்த்தி.”

“அப்பா எந்த ஊரு?”

“ராமநாதபுரம்.”

“அங்க எந்தத் தெரு?”

அந்த ஊரில் அவள் கால் வைத்ததே இல்லை.

“எந்த ஸ்கூல்ல படிச்சாரு? தாத்தா பேரு என்ன? ஏன் முழிக்கிற?” ஸ்ரீகிருஷ்ணா உற்சாகமாகி மேஜையை ஓங்கித் தட்டினான். “அப்ப பொய்யா? போலீஸக் கூப்பிடவா?”

“ஐயோ, கூப்பிடாதேங்கோ! நாங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்ல. அப்பாவை விடுங்கோ...”

தன் வீட்டுத் தமிழ் தன் காதிலேயே விழுந்ததும் கீர்த்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கூடத்தில் கைதட்டல் எழுந்தது. யாரோ விசிலடித்தார்கள்.

“செம ஆக்டிங்டி!” கீழே வந்ததும் அனன்யா கட்டிக்கொண்டாள். “சிலோன் தமிழ் எங்கேர்ந்து புடிச்சே? ஃபுல்லா எடுத்துண்டேன். கிளாஸ் குரூப்ல போட்டாச்சு. ராத்திரி டிபார்ட்மெண்ட் பேஜ்லயும் போட்டுடறேன்.”

“வேணாம், எடுத்துடு.”

“ஏன்டி? எங்காத்துல கூட காட்டணும்னு இருக்கேன்.”

“மூஞ்சி நல்லா இல்ல.”

“லூசு” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு யார் என்ன பேசினார்கள் என்பது கீர்த்தி காதில் ஏறவில்லை. கூட்டம் கலைந்ததும் நேராக மிஸ் அறைக்குப் போனாள்.

“அந்த வீடியோவ எடுக்கச் சொல்லுங்க மிஸ்.”

“ஏம்மா? அவ்ளோ நல்லா...” என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். மிஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“எதுவும் சொல்லாத. நான் கேக்க மாட்டேன்” என்றார் மெதுவாக. “விளையாட்டுன்னு நெனச்சேனே. என் கிளாஸ்லயே அப்படி ஒருத்தர் இருக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லையே.”

அனன்யாவையும் மற்றவர்களையும் உடனே கூப்பிட்டு, அனுமதி வாங்காமல் மாணவி முகத்தை வெளியே விடக் கூடாது, தப்பு தன்னுடையது என்று சொல்லி, கண்ணெதிரிலேயே அழிக்க வைத்தார். ஒருவன் அதற்குள் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். அவனும் எடுத்தான். யார் யார் பார்த்திருந்தார்களோ.

எல்லோரும் போனபின் மிஸ் ஒரு எண்ணை அவள் போனில் பதித்தார். “ஆழ்வார்பேட்டையில வக்கீல். இந்த மாதிரி கேஸ்தான் பாக்கறாங்க. பேர் சொல்லாமலே பேசலாம்.”

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். “வீட்டை மாத்துவமே?” என்றாள்.

“உன்னை ஆர் மேடையில ஏறச் சொன்னது?” அப்பா கத்தவில்லை. கீழ்வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று பல்லைக் கடித்துப் பேசினார்.

“இண்டைக்கு நானாத்தான் பிடிபட்டன் அப்பா. விளையாட்டுக்குக் கேட்டதுக்கே எனக்குப் பதில் தெரியேல்ல. உண்மையாக் கேட்டா?”

அவர் சாப்பிடாமல் படுத்தார். அடுத்த சில நாள்கள் மாடிப்படியில் காலடி கேட்டாலே மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் வரவில்லை. ஒரு காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவரே கேட்டார்.

“அந்த வக்கீல், பேர் கேக்க மாட்டாவோ?”

சனிக்கிழமை அவரும் கீர்த்தியும் போனார்கள். வக்கீல் அம்மா எந்த உறுதியும் கொடுக்கவில்லை. தாங்களாகவே அதிகாரிகளிடம் போய் அகதிப் பதிவு கேட்டு மனு கொடுப்பது பிடிபட்டபின் கொடுப்பதைவிட நல்லது, ஆனால் கேள்விகள் வரும், நாளாகும் என்றார். யோசித்துவிட்டு வருகிறோம் என்று அப்பா எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்து, “எழுதுங்கோ” என்றார்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவர் வெளியே பார்க்கவில்லை.

“பிள்ளை, நாங்களாப் போனா அடைக்க மாட்டினம் எண்டோ சொன்னவா?”

“அடைக்காம இருக்க வழி பாப்பன் எண்டு சொன்னவா.”

அவர் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதையே கேட்டார். கீர்த்தி மறுபடி சொன்னாள்.