பாய்லருக்கு மூன்று வயது

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கணக்குத் தாளின் நாற்பத்தாறாவது வரியை அழித்துவிடலாம் என்று விரலைப் பொத்தான் மேல் வைத்தேன். அந்த வரியில் பூஜ்யம் இருந்தது. போன வருடமும் பூஜ்யம்தான். ஒன்றுமில்லாத வரியை எதற்கு வருடா வருடம் தூக்கிச் சுமப்பது? எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். எனக்குப் பின் இந்த நாற்காலியில் உட்காரப்போகிற புண்ணியவானுக்கு ஒரு வரியாவது மிச்சமாகட்டும் என்று நினைத்தேன். ஆனால் ஒரு வரியை எடுப்பதற்கு முன்னால், அந்தப் பொருள் உண்மையிலேயே போய்விட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது என் வழக்கம். முப்பது வருடமாக என்னைக் காப்பாற்றி வந்த வழக்கம் அது. அன்றைக்கு அதுதான் என்னைக் கவிழ்த்தது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது காகிதக் கம்பெனி. அதற்குக் கீழே அட்டைப்பெட்டி செய்யும் இன்னொரு கம்பெனி உண்டு. சட்டத்தில் அதைத் துணை நிறுவனம் என்பார்கள். அலுவலகத்தில் நாங்கள் தாய், பிள்ளை என்றுதான் சொல்வோம். தாய்க்குத் தனிக் கணக்கு, பிள்ளைக்குத் தனிக் கணக்கு. வருட முடிவில் இரண்டையும் சேர்த்து ஒரே குடும்பமாகக் காட்டுவது என் பொறுப்பு. அப்பா தன் பழைய சைக்கிளை மகனுக்குப் புது விலைக்கு விற்றால் அப்பாவின் பைக்குப் பணம் வரும். வீட்டுக்கு ஒரு காசு வராது, சைக்கிளும் புதிதாகிவிடாது. அந்தப் பொய் லாபத்தைக் கழித்து, சைக்கிளுக்கு அதன் பழைய மதிப்பையும் பழைய வயதையும் திருப்பிக் கொடுப்பதுதான் சேர்ப்புக் கணக்கு. என் மனைவியிடம் இதை ஒருமுறை விளக்கியபோது, "இதுக்கா உங்களுக்குச் சம்பளம் தராங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

நாற்பத்தாறாவது வரியில் இருந்த சைக்கிள் ஒரு பாய்லர். தாய்க் கம்பெனியில் பதினெட்டு வருடம் நீராவி கொடுத்து உழைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அதற்கு நீல வண்ணம் அடித்துப் பிள்ளைக்கு விற்றோம். கணக்கில் அதன் மதிப்பு இரண்டு லட்சம். விற்ற விலை இருபது லட்சம். அந்த வருடம் தாயின் லாபம் பள்ளத்தில் கிடந்தது, பாய்லரைப் போட்டுப் பள்ளத்தை மூடினோம். சேர்ப்புக் கணக்கில் அந்தப் பதினெட்டு லட்சத்தை நான் கழித்துவிடப் போகிறேன், யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீதி இரண்டு லட்சமும் தேய்மானச் செலவாக இரண்டு வருடத்தில் தேய்ந்து பூஜ்யமானது. என் தாளைப் பொறுத்தவரை அந்தப் பாய்லர் செத்து ஒரு வருடம் ஆகிவிட்டது.

பிள்ளைக் கம்பெனியின் கணக்கு எழுதும் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அந்தப் பழைய பாய்லர எப்பம்மா கழிச்சீங்க?"

"எந்தப் பழைய பாய்லர் சார்?"

"நாங்க குடுத்தோமே, அது."

"அது புதுசுதானே சார். மூணு வயசுதான் ஆகுது. நல்லா ஓடிக்கிட்டிருக்கு."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். "வருஷா வருஷம் நிறுத்தித் தகட்டோட கனத்த அளக்கறாங்கல்ல?"

"அதெல்லாம் பதினஞ்சு வயசுக்கு மேல போனாத்தான் சார். பராமரிப்புக்காரங்க நம்ம சொத்துப் பதிவேட்டைப் பாத்துத்தான் லிஸ்ட் போடறாங்க. இத அளக்க இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கு."

தொலைபேசியை வைத்தேன்.

பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். தேடாமலேயே அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விற்பதற்கு முன் தகட்டின் கனத்தை அளந்த பொறியாளரின் அறிக்கை, ஒரே பக்கம். கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி: 'இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.' அந்த இரண்டு வருடத்தை வைத்துத்தான் நான் இரண்டு லட்சத்தைத் தேய்த்தேன். ஆனால் பிள்ளைக் கம்பெனிக்கு இருபது லட்சத்தை இரண்டே வருடத்தில் தேய்த்தால் அதன் லாபம் படுத்துவிடும், பத்து வருடம் போடுங்கள் என்று எங்கள் நிதி மேலாளர் சொன்னார். போட்டேன். பிள்ளையின் சொத்துப் பதிவேட்டில் கணினி அதை ஏற்கவில்லை. பதினெட்டு வயதுப் பொருளுக்குப் பத்து வருட ஆயுளா என்று கட்டத்தைச் சிவப்பாக்கிக் காட்டியது. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, பசி. 'செய்த ஆண்டு' என்ற கட்டத்தில் விற்ற ஆண்டையே போட்டேன். சிவப்பு போய்விட்டது. பக்கத்தில் என் இனிஷியல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் கை கழுவிச் சாப்பிடப் போனவன் நான்.

அந்தப் பாய்லரை ஓட்டுகிறவர் என் தங்கையின் கணவர்.

நிதி மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் வெள்ளிக்கிழமை. எதைக் கொண்டு போனாலும் "வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லமாட்டார். கோப்பை அவர் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு நிறுத்தினா கப்பலுக்குப் போற பெட்டி நின்னுடும். வெள்ளிக்கிழமை சரக்கு போயிடுது. சனிக்கிழமை நிறுத்தித் திறந்து பாக்கச் சொல்றேன். மூணு வருஷம் ஓடினது மூணு நாள் ஓடாதா?"

"சார், ரெண்டு வருஷம்னுதான் எழுதியிருக்கு. ஒரு வருஷம் அதிகமா ஓடிடுச்சு."

அவர் அறிக்கையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பிறகு மிக மெதுவாகக் கேட்டார்: "ஆயுளப் பத்து வருஷம் போடச் சொன்னது நான். ஒத்துக்கறேன். செய்த ஆண்ட மாத்தச் சொன்னேனா?"

இல்லை, அவர் சொல்லவில்லை.

"யோசிச்சுக்குங்க. உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு" என்றார். பாய்லரைப் பற்றியும் அதே வார்த்தையைத்தான் எழுதியிருந்தார்கள்.

படியிறங்கும்போது மாப்பிள்ளையின் கைபேசிக்கு அழைத்தேன். அணைந்திருந்தது, பாய்லர் அறைக்குள் போகும்போது எல்லோரும் கைபேசியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். அப்போது எனக்கு வந்த நினைப்பை மறைக்காமல் சொல்கிறேன். இன்று அவருக்கு மாலை வேலையாக இருக்கட்டும், இப்போது அங்கே வேறு யாராவது நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேறு யாராவதுக்கும் ஒரு மச்சான் இருப்பான் என்பது பத்துப் படி இறங்கிய பிறகுதான் உறைத்தது. தங்கைக்கு அழைத்தேன்.

"காலைலயே போயிட்டாரே அண்ணே. என்ன விஷயம்?"

"சும்மாதான்."

"சும்மா கூப்பிடற ஆளா நீங்க? டப்பாவ வேற அஞ்சரைக்கே கட்டிக் குடுத்தேன். வீட்டுல சாப்பாடு கொஞ்சம் ஆறியிருந்தா மூஞ்சத் தூக்கறாரு, அங்க அந்தப் பாய்லர் பக்கத்துல வச்சு சூடா சாப்பிடறாராம். எனக்குச் சக்களத்தி அதுதான் அண்ணே." சிரித்தாள். நான் சிரிக்காததை உணர்ந்து நிறுத்தினாள். "உங்க குரல் ஒரு மாதிரி இருக்கே."

"வெயில்ல நிக்கறேன்" என்று சொல்லித் துண்டித்தேன்.

வாடகை வண்டியில் நாற்பது நிமிடம். வழியெல்லாம் என் காது ஒரு சத்தத்தையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு லாரி டயர் வெடித்தாற்போல் எங்கோ கேட்டபோது முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். குறைக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வேகமாகப் போய்ச் சேரவும் பயமாக இருந்தது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் ஒரே ஒரு தாள் இருந்தது.

ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து புகை வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது.

பாய்லர் அறைக்குள் நான் அதுவரை போனதே இல்லை. மூன்று வருடம் அதைக் கூட்டிக் கழித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. ஒரு லாரி அளவுக்கு இருந்தது. நீல வண்ணம் இன்னும் பளபளவென்று இருந்தது. தரை காலுக்கடியில் அதிர்ந்தது. மாப்பிள்ளை கையில் துணியோடு திரும்பினார்.

"வாங்க மச்சான். கணக்குப்பிள்ளைக்கு இங்க என்ன வேலை? பாய்லரையும் கூட்டிப் பாக்கணுமா?"

சொன்னேன். நின்றபடியே, மூச்சு விடாமல், சிவப்புக் கட்டம் வரைக்கும் சொன்னேன். பாதியில் அவர் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பிறகு பாய்லரின் முன்பக்கம் போய், உள்ளங்கை அகலத்துக்கு இருந்த ஒரு தகட்டின் முன் நின்றார். அதன் மேலும் நீலம் அடித்திருந்தது. தினமும் அவர் துடைக்கிற தகடு. இடுப்பிலிருந்த சாவியை எடுத்துச் சுரண்டினார். நீலம் செதில் செதிலாக உதிர்ந்தது. செய்த ஆண்டின் நான்கு எண்கள் வெளியே வந்தன.

"இருபத்தொண்ணு" என்றார், விரல் விட்டு எண்ணிவிட்டு.

பிறகு குனிந்து அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே கந்தல் துணி ஒன்று சுற்றியிருந்தது, ஈரமாக. "ஒரு வாரமா இங்க வேர்க்குது. எழுதிக் குடுத்தேன். புதுப் பாய்லர், இணைப்பு கொஞ்சம் இறுகணும், அப்படித்தான் இருக்கும்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன்." துணியைத் தொடாமல் நிமிர்ந்தார். "நீங்கதானே மச்சான் சொன்னீங்க, புதுப் பாய்லர், பயமில்லாம வேலை பாக்கலாம்னு."

சொன்னேன்தான். இரண்டு வருடத்துக்கு முன், இந்த வேலைக்கு அவரை நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். "ஆபத்தான வேலையா அண்ணே?" என்று தங்கை கேட்டாள். தெரியாமல் பதில் சொல்லக்கூடாதே என்று பிள்ளைக் கம்பெனியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஒரு வயது என்று இருந்தது. நாங்கள் விற்றதல்ல, வேறு ஒரு புதுப் பாய்லர் என்று நினைத்துக்கொண்டேன், பக்கத்தில் என் இனிஷியல் இருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. "புத்தம் புதுசும்மா" என்று சொல்லிவிட்டேன். நான் எழுதிய பொய்யை நானே படித்து நம்பி, என் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"நிறுத்துங்க மாப்பிள்ள."

"எழுத்துல வேணும். சரக்கு போற நேரம், காரணமில்லாம நிறுத்தினா நாளைக்கு வேலை இருக்காது." சுவரில் கயிற்றில் தொங்கிய நோட்டைக் காட்டினார். 'நிறுத்தச் சொன்னவர்' என்று ஒரு கட்டம். 'காரணம்' என்று இன்னொன்று. என் சட்டைப்பையில் கைபேசி அதிர ஆரம்பித்தது. வாசலில் யாரும் என்னிடமிருந்து அதைக் கேட்டு வாங்கவில்லை. வெள்ளிக்கிழமைதான் கூப்பிடுகிறார்.

எழுதினேன். இனிஷியல் போடவில்லை, முழுப் பெயர் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், 'பாய்லரின் வயது இருபத்தொன்று. பதிவேட்டில் மூன்று என்று எழுதியது நான்.' மாப்பிள்ளை படித்தார். போய்த் தீயை நிறுத்தினார்.

இரைச்சல் அடங்கியதும் என் மூச்சு எனக்கே கேட்டது. இனி ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

"நீங்க வெளிய போங்க மச்சான்."

"முடிஞ்சுதல்ல?"

"தீதான் அணைஞ்சிருக்கு. உள்ள அழுத்தம் அப்படியே இருக்கு." வட்ட முகப்பைக் காட்டினார். முள் பத்தில் நின்றது. "சட்டுனு இறக்கினா தகடு தாங்காது. நிதானமாத்தான் இறங்கணும். ரெண்டு, ரெண்டரை மணி நேரம் ஆகும். ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும்."

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்?" முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார். "எந்த வால்வுன்னு கேட்டா எந்த வரின்னு கேப்பீங்க."

நான் போகவில்லை. கதவு பத்தடி தூரத்தில் திறந்தே இருந்தது. வெளியே வெயிலில் அட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஏன் இரைச்சல் நின்றது என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லி மாப்பிள்ளை கையசைத்தார். என் கால்கள் வாசலைப் பார்த்துத்தான் நின்றன. ஒரு மர முக்காலியை இழுத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன், கால்களை நம்பமுடியாமல். கைபேசி மறுபடி அதிர்ந்தது. அணைத்துவிட்டேன்.

முள் பத்திலேயே நின்றது. துணியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம் குறைகிறதா என்று நான் எண்ணத் தொடங்கினேன். வால்வின் மேல் கை வைத்தபடி மாப்பிள்ளையும் எண்ணுகிறார் என்பது அவர் உதடு அசைந்ததில் தெரிந்தது.

பாய்லரின் பக்கவாட்டுத் திட்டின் மேல், தங்கை காலையில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா இருந்தது. எடுத்து வைத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும் மச்சான், சூடா இருக்கும். சேந்து சாப்பிடலாம்" என்றார், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். தீ அணைந்து, தரையின் அதிர்வும் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. டப்பாவின் மூடி மட்டும் இன்னும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.