முட்டைக்கோஸ் சாறு

செய்தித்தாளில் அந்தத் துண்டுச் செய்தி வந்த அன்றே மாமா ஒரு பை நிறைய முட்டைக்கோஸ் வாங்கி வந்துவிட்டார்.

செய்தி பொய்யில்லை. முட்டைக்கோஸ் இனத்துக் காய்களை நறுக்கும்போது உண்டாகும் காரமான ஒரு சத்து, கல்லீரல் புற்றுநோய்ச் செல்களை வாட வைக்கிறது என்று அவர் மைத்துனி வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம் சொல்லியிருந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களைத்தான் என்பது கடைசி வரியில் இருந்தது. அதே நோயோடு மனைவி, அந்த மைத்துனியின் அக்கா, உள்ளறையில் படுத்திருக்கும்போது, கடைசி வரி வரை படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

"நம்ம டாக்டரம்மா கண்டுபிடிச்ச மருந்து" என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னார். மைத்துனி மருத்துவர் அல்ல, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள். அவளைச் சீண்டுவதற்காக அவர் வைத்த பெயர் அது. இப்போது சீண்டல் இல்லாமல் சொன்னார். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

மாமா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அவர் கால் முந்திக்கொள்ளும். எந்த ஆபத்தையும் காலால் நிறுத்திப் பழகிய மனிதர், இந்த நோய்க்கு முன்னால் எதை அழுத்துவதென்று தெரியாமல் தவித்தார். கடைசியில் மிக்சியின் பட்டனை அழுத்தினார்.

விடுமுறை நாளில் மைத்துனி போனபோது வீடு முழுக்கப் பச்சைக் கோஸ் வாடை. துணியில் பிழிந்து பிழிந்து மாமாவின் விரல்கள் வெளுத்திருந்தன. பெரிய டம்ளர் ததும்ப நீட்டினார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

"பாத்தியா, ஒரு சொட்டு மிச்சம் வெக்கல. உங்கக்கா கெட்டிக்காரி."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்?" என்றாள் அக்கா. "போங்க, போய் நல்ல எலுமிச்சம்பழமா நாலு பாத்து வாங்கிட்டு வாங்க."

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அக்கா கட்டிலடியிலிருந்த பேசினை இழுத்தாள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. தங்கை தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் நீர் கோத்திருந்தவளுக்கு ஏற்கெனவே இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. மருத்துவமனையில் செய்யக்கூடியதைச் செய்து முடித்து, பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். இப்போது அந்த இரண்டு வாயையும் சாறு அடைத்துக்கொண்டது.

"ஏன்க்கா குடிக்கிறே? இது உனக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு தெரியும்ல?"

"தெரியும்டி. நீதான் அன்னிக்கே சொன்னியே. ஆனா இத நிறுத்தினா அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதே."

"பட்டினி கிடந்து சாகப் போறியா?"

"எப்படியும் அதுக்குத்தானே போறேன்" என்று அக்கா சிரித்தாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து, "சரி சரி, அழாதே. ஆசையா ஒரு வாய் சாப்பிட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

அன்று மாலை பஸ்ஸில் தங்கை பிரார்த்தனை செய்தபடியே போனாள். உண்மையும் வேண்டும், இரக்கமும் வேண்டும், இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறேனே என்று கடவுளிடம் சொன்னாள். அடுத்த முறை போனபோது மாமாவிடம் சொன்னாள்:

"மாமா, லேப்ல நாங்க செல்லுக்கு விடறது ஒரு சொட்டுகூட இருக்காது. நீங்க டம்ளர் டம்ளரா குடுக்கறீங்களே?"

மாமா பதறிவிட்டார். "ஐயையோ! அளவு தாண்டிட்டேனா?"

"வயிறு தாங்காது மாமா. ஒரு ஸ்பூன் போதும். மத்த நேரம் அக்கா கேக்கறதக் குடுங்க."

சொட்டு என்றது உண்மை. போதும் என்றது உண்மையல்ல. அவளுக்கு அது தெரிந்தேயிருந்தது.

அதன் பிறகு சில வாரங்கள் அக்கா சாப்பிட்டாள். மசித்த உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், ஒரு நாள் ஐஸ்கிரீம். மாமா பயிற்சிக் காரில் தலையணை அடுக்கி அவளை ஊர் சுற்றக் கூட்டிப் போனார். "மெதுவாப் போங்க, பின்னாடி வர்ற ஆமை ஹாரன் அடிக்குது" என்று அவள் கிண்டல் செய்ததை வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மழை ஓய்ந்த ஒரு விடியற்காலையில் அக்கா போய்விட்டாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மத்தியானம் மாமா ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். முன்பு ஒருமுறைகூட அவர் அங்கே வந்ததில்லை. சவரம் செய்யாத முகம். ஸ்டூலில் உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சிடும்."

"சொல்லுங்க மாமா."

"நீ ஒரு ஸ்பூன்தான்னு சொன்னே. கடைசி வாரம் அவ கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சு. என்னால பொறுக்க முடியல. அவளுக்குத் தெரியாம சூப்புல அரை டம்ளர் கலந்துட்டேன், தினமும். அளவு மீறிட்டேன்மா. நான்தான் அவளக் கொன்னுட்டேன்."

அவள் கையுறையைக் கழற்றினாள். தான் சொன்ன ஒற்றைச் சொல் இந்த மனிதரின் நெஞ்சில் எங்கே போய்க் குத்தி நிற்கிறது என்று பார்த்தாள். அவரை மைக்ரோஸ்கோப் அருகே கூட்டிப் போய் ஒரு தட்டைக் காட்டினாள்.

"இதுல செல்லு மட்டும்தான் மாமா இருக்கு. உடம்பு இல்ல, வயிறு இல்ல, ரத்தம் இல்ல. இதுமேல நேரா விட்டா வாடுது. வாயால குடிச்சது அக்காவோட ஈரல் வரைக்கும் எவ்வளவு போகும், போய் என்ன செய்யும்னு இன்னும் யாருக்கும் தெரியாது. உங்க அரை டம்ளர் அக்காவக் கொல்லல. என் ஸ்பூனும் காப்பாத்தியிருக்காது. டம்ளர் குடிச்சா அவளால சாப்பிட முடியல. அதுக்காகத்தான் ஸ்பூன்னு சொன்னேன். அப்பவே உங்ககிட்ட நேராச் சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

மாமா குனிந்து தட்டைப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியுமா, இதெல்லாம் வீண்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்சா?"

"நீங்க குடுத்தீங்கல்ல. அதனால குடிச்சா."

"சூப்புலயும் கண்டுபிடிச்சிருப்பாளா?"

"அந்த வாடை யாருக்கு மாமா தெரியாது?"

அவர் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். "குடிச்சிட்டு, உப்பு கம்மின்னா" என்றார். "அவ்வளவுதான் சொன்னா, பாவி." அதன் பிறகு வாய்விட்டு அழுதார். அவள் பக்கத்தில் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "வேற யாருக்காச்சும் இது மருந்தாகுமா?"

"தெரியல மாமா. ஆகலாம். ஆகாமலும் போகலாம். ரொம்ப நாள் பிடிக்கும்."

"அப்ப நான் உன் வேலையக் கெடுக்கறேன்."

"இல்ல மாமா. இந்த நேரத்துக்குச் செல்லுக்கெல்லாம் சாப்பாடு மாத்தணும். இல்லன்னா செத்துடும். அவ்வளவுதான்."

"மாத்து, மாத்து" என்றார். எழுந்திருக்கவில்லை. அவள் புதிய கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தட்டாகத் திறந்து, பழைய சத்து நீரை எடுத்துப் புதியதை விட்டு மூடினாள். கடைசித் தட்டு வரை அவர் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.